ஒரு வெயில் தாங்கும் மோட்டார்

என் தங்கையின் புருஷன் எனக்கு ஒரு மோட்டார் கொடுத்தான். சும்மா கொடுத்தான். கோபம் இவ்வளவு வருவதற்குக் காரணமே அதுதான். காசு வாங்கிக்கொண்டு கெட்ட சாமானைத் தலையில் கட்டுகிறவனை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டலாம். சும்மா கொடுத்தவனை என்ன செய்வது? சொந்தத்தில் யாரிடம் சொன்னாலும், "சும்மாதானே குடுத்தாவ" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள். நானும் என் வீட்டுக்காரரும். சந்தில் தரையோடு ஒட்டிய ஓர் அறையில் கிரைண்டர். நாலு கதவு தள்ளி, இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடி அறையில் குடியிருப்பு. விடியும் முன் அரைத்து முடித்து டப்பாக்களில் ஊற்றிவிடுவேன். அவர் ஸ்கூட்டரில் கட்டி மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸுக்குக் கொண்டுபோவார். நாங்கள் அரைக்கிற மாவில் பாதிக்கு மேல் அந்த ஒரு மெஸ்ஸுக்குத்தான் போனது. மீதி சந்திலேயே பாக்கெட்டில் விற்றது. அந்த மெஸ் கிடைப்பதற்கு முன் நான் இன்னொருத்தி கிரைண்டருக்கு முன்னால் கூலிக்கு உட்கார்ந்தவள். மெஸ் போனால் மறுபடி அங்கேதான் போய் உட்கார வேண்டும். இது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும், என் தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் நன்றாகத் தெரியும்.

தொல்லை வெயிலில்தான். பம்பாயில் மே மாதம் கல் வேகமாகச் சுற்றினால் உளுந்து சூடாகிவிடும். சூடான மாவு மாட்டுங்கா போய்ச் சேர்வதற்குள் பொங்க ஆரம்பித்துவிடும். ஐஸ் போட்டு அரைத்துப் பார்த்தோம், மாவு நீர்த்துப்போனது. போன வருஷ வெயிலில் மெஸ் மேனேஜர் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பவில்லை. என்னையே கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, மாவு வரச்சயே புளிச்சுண்டு வரதே. சாப்பிடறவா மூஞ்சியச் சுளிக்கறா. அடுத்த வெயில்லயும் இப்படியே இருந்துதுன்னா நான் வேற ஆளைப் பாத்துப்பேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

"அடுத்த வெயில்ல புளிக்காது சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புளிக்காமல் இருக்கக் கல் மெதுவாகச் சுற்ற வேண்டும். பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தை மாற்றினால் கல் எப்போதுமே மெதுவாகத்தான் சுற்றும், அரிசி அரைபட விடிந்துவிடும். அரிசிக்கு வேகம் வேண்டும், உளுந்துக்கு நிதானம் வேண்டும். அப்படிக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி இருக்கிறது. டிரைவ் என்பார்கள். குமிழைத் திருப்பினால் மோட்டார் வேகம் கூடும், குறையும். என் தங்கையின் புருஷன் வேலை பார்ப்பது ஐரோலியில், அந்தப் பெட்டிகளை விற்று, மாட்டிக் கொடுக்கிற கம்பெனியில். எஞ்சினியர். செம்பூரில் ஃபிளாட். வேறு யாரைப் போய்க் கேட்பேன்?

நான் இனாமாக எதையும் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். "தம்பி, எந்த மோட்டார் வாங்கணும், எந்தப் பெட்டி வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க. செம்பூர் கடையில நானே போய் வாங்கிக்கிடுதேன்" என்றுதான் கேட்டேன்.

"நீங்க எதுக்கு மதினி கடை ஏறி எறங்கணும்? நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

"எது சரியா வரும்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. மெஸ்காரர் கறாரா சொல்லிட்டாரு."

"பெட்டிய மட்டும் வாங்கிருங்க. மோட்டார் எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கல்லு மாதிரி இருக்கும். சலேகா மதினி."

பம்பாயில் எதற்கும் ஆகிவரும் வார்த்தை அது. போதும், ஓடிவிடும், கேள்வி கேட்காதே, எல்லாம் அதற்குள் அடங்கும்.

நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் கொடுத்த பொருளைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. "இது புதுசா பழசா, எங்கே வாங்கினது" என்று கேட்டால் அவனைக் கேட்டதாக ஆகாது. கட்டிக்கொடுத்த பெண்ணின் மரியாதையை அவள் புருஷன் வீட்டில் இறக்கியதாக ஆகும். தங்கைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

மழை ஓய்ந்த சமயத்தில் மோட்டார் வந்தது. டெம்போ மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. எங்கள் சந்தில் ரெண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் திரும்பித்தான் நிற்க வேண்டும். மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். வழியில் இருந்த ஒவ்வொருவனும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். தாராவியில் மோட்டாரைக் கனத்தை வைத்துத்தான் மதிப்போம்.

"எக்கா, என்னா கனம்! இப்ப வர்றதெல்லாம் தகரம். இது அந்தக் காலத்து இரும்பு."

"இது ஒங்களுக்குப் பெறகும் ஓடும்க்கா."

"எனக்குப் பெறகு எவன் ஓட்டுவான்? நீ வந்து ஓட்டுதியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மோட்டார் மேல் புதுப் பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. பேர், அளவு எழுதிய தகடு அதில் இல்லை. ஆணி அடித்திருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன.

பெட்டியைக் கிரைண்டர் அறையில் வைக்க முடியவில்லை. மழைக்காலத்தில் அங்கே முட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும். எங்கள் சந்தில் எல்லாரும் கரண்டு சாமான்களை மாடியில்தான் வைப்போம். அதனால் பெட்டியை நாங்கள் குடியிருக்கும் மாடி அறையில் மாட்டினோம். அங்கிருந்து மோட்டாருக்கு நாலு வீட்டுத் தகரத்தின் மேல், சுவர் ஓரமாக, வளைத்து வளைத்து வயர் இழுத்தோம். இழுத்தவன் தங்கை புருஷன்தான். "இவ்வளவு நீளம் போகலாமா தம்பி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "சலேகா" என்றான்.

பிறகு மோட்டாரை ஓடவிட்டான். முழு வேகம். கொஞ்ச நேரம் ஓடியதும் என்னைக் கூப்பிட்டான்.

"கை வச்சுப் பாருங்க மதினி. சுடுதா?"

உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்தேன். வெதுவெதுப்புத்தான். கை வைக்க முடிந்தால் நல்ல மோட்டார் என்பது எங்கள் சந்துக் கணக்கு. அந்தக் கணக்கு அவனுக்கும் தெரியும். மெதுவாக ஓடும்போது என்னைக் கை வைக்கச் சொல்லவில்லை. முழு வேகத்தில்தான் வைக்கச் சொன்னான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

குளிர் மாதங்களில் மெதுவாக ஓட்டத் தேவையே வரவில்லை. உளுந்துக்குக் கொஞ்சம் குறைப்போம், அவ்வளவுதான். பெட்டி அங்கே, கிரைண்டர் இங்கே. நான் கதவில் நின்று "கொறைங்க" என்று கத்துவேன். அவர் மாடியிலிருந்து "போதுமா?" என்பார். "இன்னும் கொறைங்க!" எங்கள் வீட்டில் எப்போது உளுந்து போடுகிறோம் என்று சந்து முழுவதற்கும் தெரியும். எதிர்வீட்டு மராத்திக்காரி "கொறைங்க" என்கிற ஒரு தமிழ் வார்த்தையை அப்படித்தான் கற்றுக்கொண்டாள். என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் சொல்வாள்.

அந்த மாதங்கள் முழுவதும் நான் நன்றியோடு இருந்தேன். நினைத்தால் இப்போது உடம்பு எரிகிறது. அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைப்பேன். முள்ளில்லாத துண்டு அவன் தட்டுக்கு. தங்கை மகளுக்குக் காது குத்திய அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, "மதினிக்கு மிஷினே நாந்தான் போட்டுக் குடுத்தேன், இல்லன்னா தொழில் படுத்துருக்கும்" என்றான். நான் தலையை ஆட்டினேன். என் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெயில் வந்தது. உளுந்தைப் பாதி வேகத்துக்கும் கீழே இறக்கி அரைத்தோம். மாவு வெண்ணெய் மாதிரி, தொட்டால் குளிர்ந்து வந்தது. மேனேஜர் டப்பாவில் விரலை விட்டுப் பார்த்து, "இப்பத்தான் மாவு மாவா இருக்கு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அதை அவர் வந்து சொன்னபோது எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மோட்டார் சுட்டது. கை வைக்க முடியவில்லை. தண்ணீர் தெளித்தால் சொய்ங் என்றது. அவனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, மோட்டார் கொதிக்குது. மெதுவா ஓட்டுனா ரொம்பக் கொதிக்குது."

"மோட்டார்னா சுடத்தான் செய்யும் மதினி."

"முந்தி இப்படிச் சுடலயே?"

"வெயிலு. ஒண்ணு செய்யுங்க, ஒரு டேபிள் ஃபேனை அது பக்கமாத் திருப்பி வைங்க."

எங்கள் படுக்கைக்கு இருந்த ஒரே ஃபேனை இறக்கி மோட்டாருக்கு வைத்தோம். நாங்கள் வேர்வையில் கிடந்தோம். அவன் சொன்ன யோசனையை நல்ல மனசு என்று நினைத்தேன். ஃபேன்தான் குறை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை, அரிசி முடிந்து உளுந்து பாதி அரைபட்டிருக்கும்போது வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது. கல் ஒரு முறை உதறி நின்றது. மோட்டாரிலிருந்து புகை. நான் கத்திய கத்தலில் அவர் ஏணியில் பாதிக்கு மேல் குதித்தே இறங்கினார். பாதி உளுந்தை வழித்து எடுத்து, பக்கத்துச் சந்தில் ஒருத்தி அவள் வேலையை முடிக்கும் வரை காத்திருந்து, அவள் கிரைண்டரில் போட்டு அரைத்தோம். வேகமாகச் சுற்றும் கல். மாவு சூடாக வந்தது. மாட்டுங்கா போனபோது மெஸ்ஸில் பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள்.

நானும் கூடப் போயிருந்தேன். மேனேஜர் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

"வரவா இலை முன்னாடி காத்துண்டு ஒக்காந்துப்பாளா? தேவ்நார்லேர்ந்து ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுண்டிருந்தார். இன்னிக்குக் கொண்டுவரச் சொன்னேன். மாவு ஜில்லுனு இருக்கு. இனிமே அவரே போடட்டும்."

"சார், ஒரே ஒரு நாள்தானே சார்."

"போன வருஷம் எத்தனை நாள்?"

டப்பாக்களைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்தோம்.

எரிந்த மோட்டாரைச் செம்பூருக்குக் கொண்டுபோனோம். நான் முதலிலேயே போவதாக இருந்த கடைக்கு. கடைக்காரர் தென்காசிப் பக்கத்து பாய். மோட்டார் விற்கிறார், கருகினதைத் திரும்பச் சுற்றியும் கொடுக்கிறார். பின்மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத எதுக்கும்மா கிரைண்டருக்குப் போட்டீங்க? இது எங்கயோ காத்து ஊதுற மிஷின்ல ஓடுன மோட்டாரு."

"மோட்டார்னா மோட்டார்தானே பாய்?"

"நேரடியா கரண்டுல ஓட்டுனா ஓடிரும். டிரைவ்ல மெதுவா ஓட்டுனா ஓடாது. இந்தா பாருங்க, இது விசிறி. மோட்டார் தண்டுலயே மாட்டியிருக்கு. தண்டு மெதுவாச் சுத்துனா விசிறியும் மெதுவாச் சுத்தும். காத்து எங்கேருந்து வரும்?"

"காத்து ஊதுற மிஷின்லயும் மெதுவா ஓட்டுவாங்கள்லா?"

"ஓட்டுவாங்க. அதுல வேகம் கொறஞ்சா பளுவும் கொறஞ்சிரும். ஒங்க உளுந்து வேகம் கொறஞ்சா இளகிருமா? அதே பிடிதான பிடிக்கும்? மோட்டாரு முழுப் பளுவையும் இழுக்கணும், ஆனா மூச்சு விட முடியாது. இதுக்குன்னே தனி விசிறி வச்ச மோட்டார் இருக்கு. பின்னால அதுக்குத் தனி வயர். மோட்டார் எவ்வளவு மெதுவாப் போனாலும் விசிறி முழுசாச் சுத்தும்."

பிறகு பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் வயர் எவ்வளவு நீளம் என்று கேட்டார். நாலு வீட்டுத் தகரம் என்றதும் தலையில் கை வைத்தார். டிரைவ் பெட்டி கரண்டை வெட்டி வெட்டி அனுப்புமாம். வயர் நீண்டால் ஒவ்வொரு வெட்டும் மோட்டார் முனையில் போய் எகிறி அடிக்குமாம். பழைய கம்பிச் சுற்று அதைத் தாங்காதாம். டிரைவுக்கென்று வருகிற மோட்டாரில் சுற்றுக்கு மேல் பூச்சே வேறாம்.

"யாரும்மா இத மாட்டிக் குடுத்தது? தெரியாத ஆளா?"

"தெரிஞ்ச ஆளுதான் பாய். எந்தங்கச்சி வீட்டுக்காரரு. ஐரோலியில டிரைவ் கம்பெனியில எஞ்சினியரு. இங்கதான் செம்பூர்ல இருக்காரு."

பாய் எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அவரு எங்கிட்டதான வாங்குவாரு. போன மழைக்கு முன்னாடி தேவ்நார்ல ஒரு இட்லி மாவு மிஷினுக்கு மோட்டார் எடுத்துட்டுப் போனாரு. நான் சாதா மோட்டாரக் காட்டுனேன். 'பாய், மாவுக்கு இது வேண்டாம், மெதுவா ஓட்டுனா எரிஞ்சிரும், தனி விசிறி வச்சது குடுங்க'ன்னு அவருதான் கேட்டு வாங்குனாரு."

என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார். நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்தார் போல. நான் விழவில்லை. மோட்டாரை அங்கேயே போட்டுவிட்டு நேரே தங்கை வீட்டுக்கு நடந்தேன், அவர் பின்னாலேயே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. அவன் வீட்டில்தான் இருந்தான். தங்கை காபி போடப் போனாள். வேண்டாம் என்றேன்.

"தேவ்நார் மாவு மிஷினுக்கு எந்த மோட்டார் போட்டீங்க தம்பி?"

அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் சமாளித்தான்.

"அது கம்பெனி வேலை மதினி. கேரண்டி குடுக்கணும். நின்னா மெமோ வரும். ஒங்களுக்கு நான் வீட்டுமுறையா செஞ்சது."

"அங்க எரிஞ்சிரும்னு தெரியும். எங்க வீட்டுல எரியாதா?"

"டிராம்பே பக்கம் ஒரு பிளாண்ட்ல கழட்டிப் போட்டது. நல்ல மோட்டார்தான். ஒங்க அளவுக்குப் போதும்னு நெனச்சேன்."

"என்ன எங்க அளவு?"

"கோவப்படாதீங்க மதினி. தாராவியில எவன் டிரைவ் மோட்டார் போடுதான்? சும்மாதானே குடுத்தேன். காலிபீலி, வெறுமனே சத்தம் போடுதீங்க."

"ஏலே, நான் சும்மா கேட்டேனா? எதை வாங்கணும்னு சொல்லுன்னுதானே கேட்டேன்? கடைக்குப் போனவளத் தடுத்தது யாரு?"

அவனை அதுவரை நான் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. தங்கை சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவனுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள், என் பக்கம் முகத்தைக் காட்டி.

"எக்கா, அவியளப் போட்டு இப்படிப் பேசாத. அவிய கெட்ட எண்ணத்துலயா குடுத்தாவ? அப்பவே எங்கிட்டச் சொல்லத்தான் செஞ்சாவ, இது ஒரு வெயில் தாங்குனா பெருசுன்னு. அதுக்குள்ள ஒனக்கு வேற ஒண்ணு பாத்துக் குடுக்கலாம்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவன்கூட அவளைத்தான் பார்த்தான்.

காது குத்தில் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லார் முன்னாலும் அவன் பெருமை பேசும்போது, அந்த மோட்டார் வெயிலில் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். வஞ்சிரம் பரிமாறியபோது தெரியும். படுக்கை ஃபேனை மோட்டாருக்கு வைத்திருக்கிறேன் என்று அவளிடம் போனில் சொன்னபோது தெரியும். "பாத்துக்கோக்கா" என்றாள் அன்றைக்கு. அவ்வளவுதான் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் "விடு, சொந்தம்" என்றார். சொந்தம் என்பதால்தான் விட முடியவில்லை என்று சொன்னேன். முன் சீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாயிடமே தனி விசிறி வைத்த மோட்டார் வாங்கினோம். பெட்டியை மாடியிலிருந்து இறக்கி, கிரைண்டர் அறையிலேயே தண்ணீர் எட்டாத உயரத்தில் இரும்புப் பட்டை அடித்து மாட்டினோம். வயர் இப்போது ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். உளுந்துக்குக் கல் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் மோட்டார் சுடுவதில்லை. ஒரு டப்பா மாவை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். மேனேஜர் பார்த்தார். "நன்னாத்தான் இருக்கு. ஆனா அவர் ஒரு நாளும் தவற விடலையே, எந்த முகத்தோட நிறுத்தச் சொல்றது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மெஸ்ஸைப் பிடித்த தேவ்நார்க்காரன் மீதும் எனக்குக் கோபமில்லை. அவன் சரியான ஆளைக் கேட்டான், சரியான பதில் கிடைத்தது. நான் கேட்டதும் அதே ஆளைத்தான்.

சரியான மோட்டார் இருக்கிறது, மாவு வாங்க மெஸ் இல்லை. காலையில் பாக்கெட்டுக்கு மட்டும் அரைக்கிறேன். மத்தியானம் மெயின் ரோட்டில் ஒருத்தியின் கிரைண்டரில் கூலிக்கு உட்காருகிறேன்.

போன மாதம் என் தங்கை அங்கே வந்தாள். தனியாக. அதற்கு முன் அவள் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"எக்கா, நாங்க வீட்டுக்கு வரலாமான்னு அவிய கேக்காவ. ஒம்மேல அவியளுக்கு வருத்தமே இல்ல."

"அவனுக்கு எம்மேல வருத்தமா? நல்ல வேடிக்கை."

"இன்னும் அவிய மேல கோவமா இருக்கியா?"

கிரைண்டரை நிறுத்தினேன். இதை அவள் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக.

"அவன் வேற வீட்டுல பொறந்தவன். எங்க அளவு இவ்வளவுதான்னு நெனச்சான், குடுத்தான். அவனோட எனக்கு என்னட்டி? ஒரு போன் போட்டு, 'எக்கா, அது நிக்காது, கடையில வாங்கிக்கோ'ன்னு நீ சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அவியளுக்குக் கோவம் வந்துருக்கும்க்கா."

அதுதான் அவள் சொன்ன பதில். அழுதாள். நான் அழவில்லை. கிரைண்டரைப் போட்டேன். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.